மூலத்திலிருந்து விலகி நிற்கும் பிரதி

கிளவுட்டில் இருக்கும் ஒரு டிஸ்க்கை வேறொரு தொலைவிடத்தில் இடைவிடாமல் பிரதி செய்து வைப்பது எப்படி, அந்தப் பிரதியைக் கொண்டு அனர்த்தத்திலிருந்து மீள்வது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். கணினித் துறையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விடயமாக இது இருந்த காலம் போய்விட்டது. பிறப்புப் பதிவும் காணி ஆவணமும் சம்பளப் பட்டியலும் மாணவர் பெறுபேறும் இன்று டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் நட்டப்படுபவர் பதிவேட்டின் சொந்தக்காரர். இந்த உரையில் நான் நிறுவ முயலும் கருத்து ஒன்றுதான்: ஒரு பிரதியின் பெறுமதி, அது மூலத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இடத்தால் விலக வேண்டும், காலத்தால் விலக வேண்டும், அதிகாரத்தால் விலக வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏதோ ஒரு வகை அனர்த்தத்துக்குக் கதவு திறந்தே இருக்கும்.

இந்தக் கருத்துக்கு மாத்தளையை விடப் பொருத்தமான இடத்தைக் காண்பது அரிது. இந்நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரைக் குகைகள். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று அறியப்படும் வட்டகாமினி அபயனின் ஆட்சிக் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முறையாக எழுத்தில் பதியப்பட்டது. அது நடந்த இடம் அலுவிகாரை என்று பிற்கால நூல்களும் மரபும் சொல்கின்றன. நாட்டில் தென்னிந்தியப் படையெடுப்பும் கொடிய பஞ்சமும் சேர்ந்து வந்த காலம் அது. நூலை நெஞ்சில் சுமந்த பிக்குகள் இறந்தால் நூலும் இறந்துவிடும் என்ற அச்சமே ஏட்டையும் எழுத்தாணியையும் கையில் எடுக்க வைத்தது. அப்பஞ்ச காலத்தில் மகாநித்தேசம் என்ற பகுதியை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு மட்டுமே எஞ்சியிருந்தார் என்றும், அவரிடமிருந்து மற்றவர்கள் அவசரமாகக் கற்றுக்கொண்டனர் என்றும் பாளி உரைநூல்கள் பதிவு செய்துள்ளன. ஒரேயொரு பிரதியில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்த நிலை அது.

அதே உரைநூல் மரபில் இன்னொரு செய்தி உண்டு; என் வாதத்துக்கு அதுவே மேலும் முக்கியமானது. பஞ்சம் தொடங்கியபோது பிக்குகளில் ஒரு பகுதியினர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் மலைநாட்டுக்குள் சென்று கிழங்கும் இலையும் உண்டு, உடல் தளர்ந்த நிலையிலும் ஓதுதலை விடாமல் உயிர் காத்தார்கள். பஞ்சம் நீங்கியபின் சென்றவர்கள் திரும்பினார்கள். இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து தத்தம் பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; வேறுபாடு காணவில்லை என்கிறது அந்தக் குறிப்பு. இதில் இன்றைய மீட்பு ஏற்பாட்டின் அடிப்படைக் கூறுகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இரண்டு பிரதிகளுக்கு நடுவே ஒரு கடல் இருந்தது. ஒரு பக்கம் நேர்ந்த கேடு மறுபக்கத்தைத் தொட வழியில்லாதிருந்தது. ஆபத்து நீங்கியதும் பிரதியை நம்பி விட்டுவிடாமல் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் நம் அலுவலகங்கள் பெரும்பாலும் செய்வதில்லை.

விலகி நின்ற பிரதி பிழைத்ததற்கும், விலகாத பிரதி அழிந்ததற்கும் இந்தத் தீவிலேயே சான்றுகள் உண்டு. 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியைப் பிரித்தானியப் படை அடக்கியபோது அலுவிகாரையின் நூலகமும் அழிக்கப்பட்டது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அதற்கு வெகு முன்பே அது பர்மாவிலும் சீயத்திலும் ஏடுகளாகப் பரவிவிட்டது. மறுபக்கம், ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்துக்கு வந்த புத்தகோசர் எந்தப் பழைய சிங்கள உரைகளை வைத்துப் பாளி உரைகளை எழுதினாரோ, அந்த மூல உரைகள் இன்று கிடைப்பதில்லை. கடல் கடந்து சென்ற பாளி வடிவம் வாழ்கிறது. தீவுக்குள்ளேயே தங்கிய சிங்கள வடிவம் மறைந்துவிட்டது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சேறிப் பல ஊர்களுக்குச் சென்றிருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக அங்கு மட்டுமே இருந்த ஏடுகளை எந்தப் பணத்தாலும் மீட்க முடியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் பணியை மேற்கொண்டதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பாடம்தான்.

இனி டிஸ்க்குக்கு வருவோம். கிளவுட் டிஸ்க் பிரதியாக்கம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதலில் டிஸ்க் முழுவதும் ஒருமுறை தொலைவிடத்துக்கு நகலாகிறது. பிறகு, மாறிய துண்டுகள் மட்டும் தொடர்ந்து அனுப்பப்படுகின்றன. 100 ஜிகாபைட் தரவை வினாடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் முதன்முறை நகலெடுக்க ஏறத்தாழ 22 மணிநேரம் பிடிக்கும். அதன்பின் ஒரு நாளில் 2 ஜிகாபைட் மாறினால், அதை அனுப்ப அரை மணிநேரத்துக்குள்தான் ஆகும். ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்திலும் எழுதப்பட்ட பின்பே வேலை முடிந்ததாகக் கொள்வது ஒரு முறை. உடனுக்குடன் இங்கே எழுதிவிட்டுச் சற்றுப் பின்தங்கி அங்கே அனுப்புவது இன்னொரு முறை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் செல்லும். ஆகவே 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஒரு தரவு மையத்துக்குச் செய்தி போய்த் திரும்ப, வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 15 மில்லிசெக்கன் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வளவு காத்திருந்தால் வேலை மந்தமாகும். அதனால்தான் அருகருகே உள்ள மையங்களுக்கு முதல் முறையும், தொலைவிலுள்ளவற்றுக்கு இரண்டாவது முறையும் கையாளப்படுகின்றன. தூரம் கூடக் கூடப் பாதுகாப்பு கூடுகிறது; கடைசிச் சில நிமிடத் தரவை இழக்கும் வாய்ப்பும் கூடவே வருகிறது. எவ்வளவு இழப்பைத் தாங்கலாம், எவ்வளவு நேரம் சேவை நிற்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அலுவலகத்தின் தலைமைதான் பதில் சொல்ல வேண்டும். தொழில்நுட்பவியலாளரின் வேலை அந்தப் பதிலுக்குப் பிறகே தொடங்குகிறது.

இடத்தால் விலகுவதை வலியுறுத்த அதிகம் வாதிட வேண்டியதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுமையாக அழிந்தது. அதே வளாகத்தில் காப்புப் பிரதியையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பற்றரியிலிருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை. உலகின் மிக முன்னேறிய மின்னரசாங்கங்களில் ஒன்றாகப் போற்றப்படும் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. செல்வமும் திறமையும் இருப்பதால் மட்டும் பிரதி உண்டாகிவிடாது. அதை ஒருவர் தீர்மானித்துச் செய்ய வேண்டும்.

தூரம் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் பலர் விழும் குழி. தொடர்ச்சியான பிரதியாக்கம் மூலத்தில் நடப்பதை அப்படியே பின்பற்றும். மூலத்தில் ஒரு கோப்பை அழித்தால் பிரதியிலும் அழியும். மூலத்தைக் கப்பம் கேட்கும் தீநிரல் பூட்டினால் பூட்டிய வடிவமே பிரதிக்கும் போய்ச்சேரும். 2017 ஜூன் மாதம் நொட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது நடந்தது இதற்கு நல்ல சான்று. அதன் வலையமைப்பின் பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் ஏறத்தாழ 150 சர்வர்கள், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி, தமக்குள் ஒன்றையொன்று பிரதி செய்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை; எல்லாம் அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது, தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் தடைப்பட்டு அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால். அந்த ஒன்றிலிருந்துதான் அந்த உலக நிறுவனம் தன்னை மீட்டெடுத்தது. தற்செயலாக அமைந்த அந்தத் துண்டிப்பை நாம் திட்டமிட்டு உண்டாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

நம் நாட்டுச் சான்று இதைவிட அருகில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்க கிளவுட் கப்பத் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை சில மணிநேரங்களில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, அந்தக் காலத்துக்கு வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இல்லாததால். பயன்பாட்டில் இருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் திட்டம் நிதியின்மையால் தள்ளிப்போடப்பட்டு வந்தது. இதன்பின்னரே நாளாந்தம் ஒஃப்லைன் பிரதி எடுக்கும் ஏற்பாடு செய்யப்படும் என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவித்தது. காலத்தால் விலகிய பிரதி என்று நான் சொல்வது இதைத்தான்: நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை ஆகியவற்றை ஸ்னாப்ஷாட்டாகத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். குறித்த நாள்வரை எவராலும் அவற்றை மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டியும் வைக்க வேண்டும். கேடு எப்போது நுழைந்தது என்று தெரிந்தால், அதற்கு முந்திய நாளுக்குத் திரும்பலாம்.

மூன்றாவது விலகல் அதிகாரம். மூலத்தை அழிக்கக்கூடிய அதே கடவுச்சொல் பிரதியையும் அழிக்குமானால், இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மைல் இருந்தும் பயனில்லை. 2024 மே மாதம் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யுனிசூப்பரின் கூகுள் கிளவுட் தளம், அமைக்கும்போது நிரப்பாமல் விடப்பட்ட ஓர் இடத்தின் காரணமாகத் தானாகவே அழிக்கப்பட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாக உறுப்பினர்கள் தம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தளத்துக்கு வெளியே தனியாக வைத்திருந்த காப்புப் பிரதிகளே மீட்புக்கு உதவின. அதற்கு முன், 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் துணைத் தரவுத்தளம் என்று எண்ணி மூலத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் உரியபடி இயங்கவில்லை. நாளாந்தப் பிரதி நீண்ட நாளாக வெறுமையாகவே உருவாகி வந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு வந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதியென்று எண்ண முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மலைநாட்டுக்குள் இருந்த பிக்குகளும் கடல் கடந்து போன பிக்குகளும் கூடி அமர்ந்து ஒப்பிட்டது வீண் சடங்கன்று.

இந்தச் சான்றுகளிலிருந்து அமைப்பு முறை தானாகவே வரையறுக்கப்படுகிறது. முதலில், எந்தத் தரவு போனால் திரும்ப உருவாக்கவே முடியாது என்று பட்டியலிட வேண்டும். அடுத்து, மூல டிஸ்க் இருக்கும் பிராந்தியத்துக்கு வெளியே இரண்டாவது பிராந்தியத்தைத் தெரிந்து பிரதியாக்கத்தைத் தொடங்க வேண்டும். தரவுத்தளம் ஒரு டிஸ்க்கிலும் அதன் பதிவேடு இன்னொரு டிஸ்க்கிலும் இருந்தால் இரண்டையும் ஒரே தொகுதியாக இணைத்து ஒரே கணத்தின் நிலையைப் பிரதி செய்ய வேண்டும்; வெவ்வேறு கணத்தின் இரண்டு டிஸ்க்குகள் சேர்ந்தால் தரவுத்தளம் திறக்காமலே போகலாம். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருந்தால் சாவியும் இரண்டாவது இடத்தில் கிடைக்க வேண்டும். சாவியில்லாத பிரதி வெறும் சத்தம். பிரதியாக்கத்தோடு பூட்டிய ஸ்னாப்ஷாட்டுகளை வேறு கணக்கில், வேறு பொறுப்பாளரிடம் வைக்க வேண்டும். மிக முக்கியமானவற்றின் ஒரு பிரதியை எந்த வலையமைப்போடும் இணைக்காத வன்தட்டில் வேறு ஊரில் வைக்க வேண்டும். பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பிரதியாக்கத்தை நிறுத்தி, இரண்டாவது இடத்தில் சர்வரை எழுப்பி, சேவையை அங்கிருந்து நடத்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தது, எது திறக்கவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். மீட்கும் படிகள் கடதாசியிலும் அச்சாகி இருக்க வேண்டும். கணினி விழுந்த நேரத்தில் கணினிக்குள் இருக்கும் வழிகாட்டி உதவாது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைக் கேட்காமல் நகர்வது நேர்மையாகாது. முதல் மறுப்பு, பெரிய கிளவுட் நிறுவனங்கள் தாமே பல பிரதி வைக்கின்றனவே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது. அவை வைக்கும் பிரதிகள் வன்தட்டுப் பழுதிலிருந்து காப்பவை. நீங்கள் தவறுதலாக அழித்ததை, உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவர் அழித்ததை அவை ஆணைப்படி அழித்துவிடும். இரண்டாவது மறுப்பு செலவு. பொருளாதார நெருக்கடியிலிருந்து மீண்டுவரும் நாட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய மறுப்பன்று. ஆனால் எல்லாத் தரவுக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய சுற்றறிக்கைகளுக்கு வாரம் ஒரு பிரதி போதும். பிறப்புப் பதிவுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் மட்டுமே தொடர் பிரதியாக்கம் தேவை. இரண்டாவது இடத்தில் சர்வரை அணைத்தே வைத்திருந்து டிஸ்க்குக்கு மட்டும் வாடகை கட்டலாம். தென்கொரியாவில் அளவைக் காரணம் காட்டி மிச்சப்படுத்தியது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், எது சிக்கனம் என்பது விளங்கும்.

மூன்றாவது மறுப்பு நாட்டு எல்லை பற்றியது. மக்களின் தகவல் ஏன் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டும் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரச நிறுவனங்கள் தரவை வெளிநாட்டில் கையாள்வதற்குக் இயற்றப்பட்டபோது கட்டுப்பாடு விதித்தது. சட்டம் அனுமதிக்காத தரவுக்குத் தீவுக்குள்ளேயே இரண்டாவது இடம் தேட வேண்டும். ஆயினும் இத்தீவு ஒரே மின்வலையமைப்பில் தொங்குகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியதை நாம் கண்டோம். ஆகவே தீவுக்குள் வைப்பவர்கள் தமக்கென மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் ஒஃப்லைன் பிரதியும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். நான்காவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பிரதி கூடினால் கசிவதற்கான வழியும் கூடும். இது உண்மை. குறியாக்கம் செய்து சாவியை நம்மிடமே வைத்திருப்பதும், யார் திறந்தார் என்று பதிவு செய்வதும், காலாவதியான பிரதிகளை ஒழுங்காக அழிப்பதும் அதற்குரிய பரிகாரங்கள். கசிவுக்கு அஞ்சிப் பிரதியே வேண்டாம் என்பவர், ஆவணம் முற்றாக அழிவதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்கிறார்.

மாத்தளையில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் விளக்க வேண்டும். இது மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மலைகள் சரிந்தன; நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடு போனவருக்கு நிவாரணம் கோரவும் காணியை நிறுவவும் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும் ஆவணம் வேண்டும். இம்மாவட்டத்துத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு ஆவணத்தின் கனம் வேறு எவரையும் விட நன்றாகத் தெரியும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்துவந்த அவர்களது முன்னோர் அடைந்த மலைநாட்டு வாசல் இந்த மாத்தளை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இங்கு பிறந்தவரிடமும், தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. பெரும்பாலானோரிடம் அந்தக் கடதாசி இல்லை, அதனால் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் என்றே வரையறுத்தது. ஒரு தாளின் இருப்பும் இல்லாமையும் மூன்று தலைமுறையின் விதியைத் தீர்மானித்த சமூகம் இது. அந்தத் தாள்கள் டிஸ்க்காக மாறும் இக்காலத்தில், டிஸ்க்கின் பாதுகாப்பு இந்த மக்களின் உரிமைப் பிரச்சினையாகிறது.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை இதுதான். அலுவலகத்துக்குத் திரும்பியதும் பொறுப்பாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நம் தரவின் இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது? போன மாதத்து நிலை நம்மிடம் தனியே இருக்கிறதா? மூலத்தை அழிக்கக்கூடியவர் பிரதியையும் அழிக்க முடியுமா? கடைசியாக எந்தத் திகதியில் மீட்டுப் பார்த்தோம்? நான்குக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள். பிரதேச சபை வரவுசெலவுத் திட்டத்திலும் கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்திலும் இதற்கென ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கணினி கற்கும் மாணவர்களுக்குப் பிரதி எடுக்கக் கற்பிக்கும்போதே மீட்டெடுக்கவும் கற்பியுங்கள். மக்களின் ஆவணத்தைக் கையில் எடுத்த ஒவ்வோர் அலுவலகமும், அதன் இன்னொரு பிரதியை எட்டாத தொலைவில் உயிரோடு வைத்திருக்கும் கடமையையும் சேர்த்தே எடுத்திருக்கிறது.